குரோவேஷியாவில் நண்பர்கள் ஆறு பேர் ஒரு வாரம் பாய்மரப் படகில் போகிறோம். ஒருவனிடம் படகு ஓட்டும் லைசென்ஸ் இருக்கிறது. பணம் கொடுத்துத் தனியாக ஸ்கிப்பர், அதாவது படகை ஓட்டும் கேப்டன், வைக்க வேண்டுமா?

வையுங்கள்.

செலவைக் குறைக்கத்தான் யோசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். லைசென்ஸ் வைத்திருக்கும் அந்த நண்பனிடம் யாராவது தனியாகக் கேட்டீர்களா? ஐந்து பேர் சேர்ந்து "அதான் நீ இருக்கியே மச்சான்" என்று சொன்னபிறகு அவனால் முடியாது என்று சொல்லவே முடியாது. 2023 செப்டம்பரில் அந்த ஒருவன் நான்தான்.

சட்டப்படி உங்களுக்குச் சிக்கல் இல்லை. அங்கே படகு வாடகைக்கு எடுக்க, குழுவில் ஒருவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸும், படகிலிருந்து பேசும் விஎச்எஃப் ரேடியோவுக்கான சான்றிதழும் இருந்தால் போதும். என்னிடம் இரண்டும் இருந்தன. ஸ்ப்லிட் நகரில் சனிக்கிழமை சாயங்காலம் 40 அடி வாடகைப் படகை எடுத்துக்கொண்டோம். ஒப்பந்தத்தில் என் பெயர், ஆட்கள் பட்டியலில் கேப்டன் என்று என் பெயர், டெபாசிட் 2,500 யூரோ என் கார்டில். நான் ஒவ்வொரு கீறலையும் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தபோது மற்றவர்கள் மேல்தளத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் தப்பில்லை, விடுமுறைக்குத்தானே வந்தார்கள். ஆனால் நானும் விடுமுறைக்குத்தான் வந்திருந்தேன்.

முதல் இரண்டு நாள் அற்புதம். கொண்டல், வாடை என்று நாம் காற்றுக்குப் பெயர் வைத்திருப்பதுபோல் அங்கேயும் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. நல்ல வெயில் நாளில் மதியவாக்கில் வடமேற்கிலிருந்து எழும்பி, பொழுது சாயும்போது அடங்கிவிடுவது மாயெஸ்த்ரால். பிராச் தீவிலிருந்து ஹ்வார் தீவுப் பக்கம் போனபோது இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாயை மட்டும் விரித்தோம். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓட, தண்ணீர் உரசுகிற சத்தம் மட்டும்தான். அந்த இரண்டு மணி நேரத்துக்காக இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போவேன்.

மூன்றாம் நாள் ஹ்வாருக்கு எதிரே இருக்கும் பாக்லெனி தீவுகளில், தெற்குப் பக்கம் திறந்த ஒரு சிறு குடாவில் நங்கூரம் போட்டோம். மறுநாள் யூகோ வரும் என்று வானிலை அறிக்கை சொன்னது. யூகோ தென்கிழக்கிலிருந்து வருவது. ஈரக் காற்று, அலையையும் கூடவே தள்ளிக்கொண்டு வரும். நாலு மணிக்கே நான் சொன்னேன், வடக்கே ஸ்தாரி கிராத் போய்விடலாம் என்று. நீளமாக உள்வாங்கிய குடா அது, யூகோவுக்கு நல்ல மறைப்பு. "தண்ணி எப்படி இருக்கு பாரு, இன்னும் கொஞ்ச நேரம்டா" என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன்.

இங்கேதான் சிலர் வருவீர்கள்: கேப்டன் நீ, முடிவை நீதான் எடுத்திருக்க வேண்டும் என்று. உண்மைதான், மறுக்கவில்லை. பதினைந்து வருஷம் தோளில் கை போட்டுத் திரிந்தவர்களிடம் ஒரு நாள் திடீரென்று உத்தரவு போட்டுப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

ராத்திரி இரண்டு மணிக்குப் படகின் ஆட்டம் மாறியதில் விழித்தேன். மேலே வந்தால், தூங்கும் முன் குறி வைத்திருந்த பாறையும் கரை விளக்கும் ஒரே நேர்கோட்டில் இல்லை. முன்பக்கம் ஓடிப்போய்ச் சங்கிலியில் கை வைத்தேன். நங்கூரம் பிடித்திருந்தால் சங்கிலி விறைப்பாக, அமைதியாக இருக்கும். அன்றைக்கு அது கையில் கரகரவென்று அதிர்ந்தது. அடியில் நங்கூரம் கல்லை இழுத்துக்கொண்டு நகர்கிறது என்று அர்த்தம். பின்னால் கரைப் பாறை 30 மீட்டர் இருக்கும்.

சுக்கானில் ஒருவர், முன்னால் சங்கிலி இழுக்க ஒருவர் வேண்டும். கீழே போய் ஒருவனை எழுப்பினேன். "காலைல பாத்துக்கலாம்டா" என்று திரும்பிப் படுத்தான். இரண்டாவது ஆள்தான் எழுந்து வந்தாள். ஏழு மீட்டர் ஆழத்துக்கு 35 மீட்டர் சங்கிலி விட்டிருந்தேன், கணக்குப்படி போதும். நங்கூரத்தைத் தூக்கி, தள்ளிப்போய், மறுபடி 50 மீட்டர் விட்டோம். விடியும்வரை இருவரும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அந்த நேரத்தில் என் பயமெல்லாம் கீழே தூங்கிய இரண்டு பேர் மேல்தான். அவர்களுக்கு நீச்சல் தெரியாது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். இன்ஜினியர் ஆக்குகிறோம், வெளிநாடு அனுப்புகிறோம், தண்ணீரில் பத்து நிமிஷம் மிதக்க மட்டும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதில்லை. 32 வயதில் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏணியில் நின்ற நண்பனைப் பார்த்தபோது எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, அவனை வளர்த்தவர்கள்மேல் வந்தது.

விடிந்ததும் ஸ்தாரி கிராத் போய்ச் சேர்ந்தோம். காலைச் சாப்பாட்டில் ஒருவன் சொன்னான்: "நீ ரொம்ப டென்ஷன் ஆகிட்டடா, அதான் ட்ரிப்பே ஒரு மாதிரி ஆயிடுச்சு." மீதி மூன்று நாளும் நான் அதிகம் பேசவில்லை. அவனோடு சரியாகப் பேச ஆறு மாதம் ஆனது.

அடுத்த வருஷம் அதே ஆறு பேர், இந்தமுறை அந்த ஊர் ஸ்கிப்பர். ஒரு நாளைக்கு 200 யூரோவும் எங்களோடு சாப்பாடும். ஏழு நாளைக்குத் தலைக்கு 235 யூரோகூட வரவில்லை. ஒரு மத்தியானம் தெற்கே பார்த்துவிட்டு "இங்கே தங்க வேண்டாம்" என்றார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அஞ்சு நிமிஷத்தில் ஏணி மேலே வந்துவிட்டது. நான் சொன்னால் டென்ஷன், அவர் சொன்னால் அனுபவம். எனக்கு வலித்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி சங்கிலிச் சத்தம் கேட்டு மேலே போனபோது அவர் முன்பக்கம் நின்று, வெறுங்காலைச் சங்கிலிமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். போய்ப் படு என்று கையைக் காட்டினார். எட்டு மணிவரை தூங்கினேன்.

லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். படகு தெரிந்த இன்னொருவர் கூட இருந்தால் நீங்களே ஓட்டுங்கள், அதில் கிடைக்கும் சந்தோஷம் தனி. தனி ஆளாக மட்டும் வேண்டாம்.

ஸ்கிப்பருக்கும் படுக்கை வேண்டும். ஆறு பேருக்கு மூன்று கேபின் என்று கணக்குப் போட்டிருந்தால் நாலு கேபின் படகாகப் பாருங்கள். படகு புக் பண்ணும்போதே ஸ்கிப்பரையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.