வார்டன் அறை: “கைகலப்பு” என்ற வார்த்தை

(ஓய்வுபெற்ற பேராசிரியரும் 11 வருஷம் கல்லூரி விடுதி வார்டனாக இருந்தவருமான ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, என் மகன் கோவையில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். ஹாஸ்டலில் அவனுடைய ரூம்மேட் ஒரு நாகாலாந்துப் பையன். போன மாசம் ஒரு ராத்திரி மெஸ் வாசலில் சீனியர்கள் சிலர் அவனைச் சூழ்ந்துகொண்டு அடித்ததில் முன்பல் உடைந்துவிட்டது. என் மகன் பக்கத்திலேயே நின்றிருக்கிறான். இப்போது போலீஸ் அவனைக் கூப்பிட்டிருக்கிறது. “எந்த ஊர்ப் பையனுக்கோ நாம எதுக்குக் கோர்ட் படி ஏறணும்? படிப்பு கெட்டுடும்” என்கிறார் என் கணவர். மகன் லீவில் வந்து சரியாகச் சாப்பிடாமல் படுத்தே கிடக்கிறான். நான் என்ன சொல்லட்டும்?
— பெயர் வேண்டாம், சேலம்.

பதில்: அம்மா, உங்கள் கணவர் பயப்படுவதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதே பயத்தில் நானும் ஒரு காலத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். அது கடைசியில். முதலில் மகனிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். எத்தனை பேர் அடித்தார்கள்? அடிக்கும்போது என்ன சொன்னார்கள்?

எண்ணிக்கை ஏன் என்றால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 117(4) என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்துகொண்டு ஒருவருடைய இனம், சாதி, பிறந்த இடம், மொழி மாதிரியான காரணத்துக்காக அவருக்குக் கொடுங்காயம் ஏற்படுத்தினால், அந்தக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரும் குற்றவாளி. ஏழு வருஷம் வரை சிறை. சாதாரணக் கொடுங்காய வழக்கிலும் அதே ஏழு வருஷம்தான். ஆனால் இந்தப் பிரிவில் பல்லை உடைத்தது யார் கை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஏன் அடித்தார்கள் என்பதும் வழக்கில் ஏறிவிடும். “பல்லுதானேப்பா” என்று ஸ்டேஷனில் யாராவது சொன்னால் 116-ஆம் பிரிவைப் புரட்டச் சொல்லுங்கள். பல் உடைந்தால் சட்டப்படி அது கொடுங்காயம். நாலு பேர்தான் என்றால் நாலு என்றே சொல்லட்டும். ஒன்றைக் கூட்டினால் குறுக்கு விசாரணையில் மொத்தமும் கவிழும்.

எண்ணிக்கையைவிடப் பெரிது அந்த வார்த்தை. அந்தப் பையனுக்குத் தமிழ் எவ்வளவு தெரிந்திருக்கும்? “அண்ணா, ஒரு டீ” என்கிற அளவுக்கு. “சப்பை மூக்கு”, “நாய்க்கறி தின்னி” என்று கத்திக்கொண்டே அடித்திருந்தால் அவனுக்கு அதெல்லாம் வெறும் சத்தம். எதற்கு அடித்தார்கள் என்று கோர்ட்டில் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வான். அடித்தவர்களை விட்டால், அங்கே நின்று தமிழைத் தமிழாகக் கேட்டவன் உங்கள் மகன். அவன் வாயைத் திறக்காவிட்டால் அந்தப் பையன் எதற்காக அடிபட்டான் என்பது அவனுக்கே தெரியாமல் போய்விடும்.

இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். மெஸ்ஸில் அன்று சப்பாத்தியா தோசையா, வாசல் விளக்கு எரிந்ததா, தான் எத்தனை அடி தள்ளி நின்றான், யார் முதலில் சட்டையைப் பிடித்தது. கேட்ட வார்த்தைகளை நாசூக்குப் பார்க்காமல் அப்படியே எழுத வேண்டும். “அசிங்கமாகத் திட்டினார்கள்” என்று எழுதினால் பிரயோஜனமில்லை. கீழே இன்றைய தேதி; பின்தேதி போடுகிற வேலை வேண்டாம். போலீஸ் விசாரணையில் எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. நம் ஆட்களுக்கு நீட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவது ஒரு பழக்கம்! யாராவது மிரட்டினால் அதையும் எழுத்தில் கொடுங்கள். சாட்சிகளைப் பாதுகாக்க 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட திட்டம் ஒன்று இருக்கிறது, மாவட்ட அளவில் மனு கொடுக்கலாம்.

அந்தப் பையன் நாகா என்றால் அநேகமாகப் பட்டியல் பழங்குடியாகத்தான் இருப்பான். அடித்தவர்கள் பட்டியல் சாதியோ பழங்குடியோ இல்லாதபட்சத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரும், டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். “அவன் ஊரில்தான் அவன் எஸ்.டி., இங்கே செல்லாது” என்று மடக்கப் பார்ப்பார்கள். அப்படி மாநில எல்லையோடு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு நின்றுவிடாது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023-ல் சொல்லியிருக்கிறது. நம் கோர்ட்டை அது கட்டுப்படுத்தாது. வக்கீல் எடுத்துக்காட்ட உதவும். இதே அடி மணிப்பூரின் மெய்தெய் பையன் ஒருவனுக்கு விழுந்திருந்தால், மெய்தெய்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லாததால், அந்தக் கதவு அவனுக்குத் திறக்காது. மூக்கைப் பார்த்து அடிக்கிறவன் இந்தப் பட்டியலையெல்லாமா பார்க்கிறான்?

இந்த ஓட்டையை அடைக்க ஒரு யோசனை வந்தது. 2014 ஜனவரியில் டெல்லி லாஜ்பத் நகரில், முடியைக் கேலி செய்த தகராறில், அருணாச்சலப் பிரதேச மாணவர் நிடோ தானியா அடிபட்டு மறுநாள் இறந்தார். அதையடுத்துப் போட்ட பெஸ்பருவா கமிட்டி, இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதற்கும் தாக்குவதற்கும் தனிச் சட்டப்பிரிவுகள் வேண்டும் என்று அதே வருஷம் எழுதிக் கொடுத்தது. சட்டமே புதிதாக வந்த பிறகும் அந்தப் பிரிவுகள் வரவில்லை.

கல்லூரிக்காரர்கள் “நாங்களே பேசி முடிச்சுக்கறோம்” என்று சொல்லியிருப்பார்கள். பேசி முடிக்கிற விஷயமில்லை இது. யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2009 ராகிங் விதிகளின்படி, தண்டனைக்குரிய குற்றம் என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் கொடுக்க வேண்டியது முதல்வரின் வேலை.

இப்போது என் வரி. 1994. ஒரு தனியார் கல்லூரி, பெயர் வேண்டாம். ஒரு பையனைச் சாதி சொல்லி இரும்பு வாளியால் அடித்தார்கள். வாளி ஒரு பக்கம் நெளிந்து குளியலறை வாசலில் கிடந்ததை நான் பார்த்தேன். பிரின்சிபால் அறையில் டீ வந்தது. குடித்துவிட்டு ரிஜிஸ்டரில் எழுதினேன்: “இரு மாணவர்களிடையே கைகலப்பு. எச்சரித்து அனுப்பப்பட்டனர்.” அடித்தவர்களே ஆறு பேர். அடி வாங்கினவன் கை எதோடும் கலக்கவில்லை, தலையை மூடிக்கொண்டிருந்தது. அவனையும் சேர்த்துத்தான் “எச்சரித்து” அனுப்பினேன். அடுத்த வாரம் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டான். போகும்போது எனக்கு வணக்கம் வைத்தான்.

ஸ்டேஷனுக்குப் போகிற அன்று உங்கள் கணவரும் கூடப் போகட்டும். படிக்கட்டு வரைக்குமாவது.

கேள்வி: வடக்கே நம் பிள்ளைகள் அடி வாங்குகிறார்கள். நீங்கள் வெளியூர்க்காரனுக்கே பரிந்து எழுதுகிறீர்கள்!
— ஒரு வாசகர், விருதுநகர்.

பதில்: 2023 பிப்ரவரியில் டெல்லி ஜே.என்.யு.வில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள், பெரியார் படம் உடைக்கப்பட்டது. அரசியலும் அதில் கலந்திருந்தது. முதலமைச்சர் கண்டித்தார், நீங்களும் நானும் கொதித்தோம். அங்கே இந்தி தெரிந்த ரூம்மேட் ஒருவன் பக்கத்தில் நின்றிருந்து, அவன் அப்பா “மதராஸிக்காக நாம எதுக்கு?” என்று தடுத்திருந்தால், அந்த அப்பாவுக்கு என்ன கடிதம் எழுதுவீர்களோ அதைச் சேலத்துக்கு அனுப்புங்கள்.

கேள்வி: சார், எங்கள் கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் மிசோரம் பையன் ஒருவனை எல்லோரும் “மோமோ” என்று கூப்பிடுவோம். நானும்தான். போன வாரம் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டான். சும்மா ஜாலிக்குச் செய்ததுதான். தனியாக ஸாரி சொன்னால் போதுமா?
— இரண்டாம் ஆண்டு மாணவி, திருச்சி.

பதில்: போதாது. 60 பேர் பார்க்கக் கூப்பிட்டுவிட்டு தனி மெசேஜில் ஸாரி என்பது, நடுத்தெருவில் தள்ளிவிட்டுச் சந்துக்குள் கூட்டிப்போய் மண்ணைத் தட்டிவிடுவது மாதிரி. குரூப்பிலேயே எழுது, “ஜாலிக்கு” என்ற சொல் இல்லாமல். இனம், பிறந்த ஊர், தோற்றம், மொழியைச் சொல்லி ஒருவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்குவதும் 2016 முதல் யு.ஜி.சி. விதிப்படி ராகிங், சீனியர் ஜூனியர் பேதமெல்லாம் கிடையாது. ராகிங் புகார் எண்ணான 1800-180-5522-க்கு அவன் ஒரு போன் போட்டால் உன் ஸ்க்ரீன்ஷாட்டும் போகும்.

அப்புறம், அவன் பெயர் என்ன? உன் கடிதத்தில் இரண்டு பக்கம் தேடினேன், எங்கேயும் இல்லை. அட்டெண்டன்ஸைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படி. எப்படி உச்சரிப்பது என்று அவனிடமே கேள். பதில் சொல்லாவிட்டால் மறுபடி மறுபடி மெசேஜ் போட்டு நச்சரிக்காதே.