மேலதிகாரி தவறான உத்தரவு கொடுத்தால் சிப்பாய் மறுக்கலாமா? அது துரோகம் ஆகாதா?

மறுக்கலாமா என்று கேட்கிறீர்கள். சட்டத்தின்படி, சில உத்தரவுகளை மறுத்தே ஆகவேண்டும். நடைமுறை வேறு மாதிரி. நான் சில வருடங்கள் ராணுவத்தில் இருந்தவன், சண்டை பார்த்ததில்லை. அதனால் வீரக்கதை எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் முட்டாள்தனமான உத்தரவையும் குற்றமான உத்தரவையும் பிரித்துக்கொள்ளுங்கள். கொட்டும் மழையில், தோண்டிய குழியை மூடிவிட்டு நாலடி தள்ளி இன்னொன்று தோண்டு என்றால் முணுமுணுத்துக்கொண்டே தோண்ட வேண்டியதுதான். தோற்கப்போவது தெரிந்த தாக்குதலுக்குப் போகச் சொன்னாலும் போகத்தான் வேண்டும். இதற்கெல்லாம் விவாதம் வைத்தால் படை நடக்காது. சரணடைந்தவனைச் சுடு, ஊரைக் கொளுத்து என்பது அந்தக் கணக்கில் வராது.

1945-ல் நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பெர்க் விசாரணைக்காக எழுதிய சாசனத்திலேயே இது இருக்கிறது: மேலே சொன்னார்கள், செய்தேன் என்பதால் குற்றம் நீங்காது, வேண்டுமானால் தண்டனையைக் குறைக்கலாம். பின்னால் வந்த ரோம் சாசனத்தின் (சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ஒப்பந்தம்) 33-வது பிரிவு கொஞ்சம் இளகியது. கீழ்ப்படியும் சட்டக் கடமை உள்ள ஒருவருக்கு உத்தரவு சட்டவிரோதம் என்று தெரியாமலும், பார்த்தவுடன் தெரியும்படி அது இல்லாமலும் இருந்தால் தப்பிக்க இடமுண்டு. ஆனால் இனப்படுகொலைக்கும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்கும் அந்தச் சலுகை கிடையாது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ராணுவத்தில் முதல் நாளிலிருந்தே நம்மைத் தயார் செய்வது இதற்கு நேர் எதிராக. கவாத்து மைதானத்தில் ஒருமுறை எங்கள் பயிற்சியாளர் கவனம் தப்பி, திரும்பச் சொல்ல மறந்துவிட்டார். முன்வரிசை நேராகப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் சிரித்தோம், பயிற்சியாளரும் சிரித்தார். ஆனால் ஒருத்தன்கூட தானாக நிற்கவில்லை. கவாத்தின் நோக்கமே அதுதான். குண்டு விழும்போது யோசிக்கிறவன் செத்துப்போவான் என்பார்கள், அது உண்மையும்கூட. அப்படிப் பழக்கிய உடம்பிடம்தான் ஒருநாள் திடீரென்று "யோசி" என்று சட்டம் சொல்கிறது.

என் கதைக்கு வருகிறேன். பயிற்சியில் ஒரு பையன் ஓட்டத்தில் மயங்கி விழுந்து, மொத்தக் குழுவுக்கும் நேரம் போய்விட்டது. ஒரு சீனியர் எங்களை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு அறை கொடுக்கச் சொன்னார். முதல் ஆள் அறைந்தான், இரண்டாவது ஆளும் அறைந்தான். நான் மூன்றாவது. மெதுவாகத்தான் அடித்தேன், ஏதோ அதனால் கணக்கு குறைந்துவிடும் என்பதுபோல. ஐந்தாவது நின்றவன் கையைக் கட்டிக்கொண்டு, "என்னால முடியாது சார்" என்றான். அவ்வளவுதான். ஆறாவது ஆளும் முடியாது என்றான், அதற்குப் பிறகு யாரும் அடிக்கவில்லை. சீனியர் ஏதோ திட்டிவிட்டுப் போனார். அந்த ஐந்தாவது ஆள் எங்களில் தைரியசாலி ஒன்றும் இல்லை, இரவுக் காவலுக்குப் போகவே பயப்படுவான்.

அறையை வைத்து இவ்வளவு பேச வேண்டுமா என்று கேட்கலாம். பெரிய கொடுமைகளைப் பற்றிப் படிக்கும்போதும் எனக்கு அந்த வரிசைதான் ஞாபகம் வருகிறது. 1995 ஜூலையில், போஸ்னியப் போரில், ஸ்ரெப்ரெனிட்சாவில் பிடிபட்ட முஸ்லிம் ஆண்களைப் போஸ்னிய செர்பியப் படையினர் ஒரு பண்ணையில் வரிசை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். சுட்டவர்களில் ட்ராசென் எர்தமோவிச் என்பவருக்கு 23 வயது. முதலில் மறுத்ததாகவும், பரிதாபமாக இருந்தால் நீயும் போய் அவர்களோடு நில் என்று சொல்லப்பட்டதாகவும் அந்தப் போர்க்குற்றங்களை விசாரித்த ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் சொன்னார். சுட்டார். தான் கொன்றது 70 பேர் இருக்கலாம் என்று அவரே ஒப்புக்கொண்டார். உயிருக்குப் பயந்து செய்தேன் என்பது அப்பாவிகளைக் கொன்றதற்கு முழு விடுதலை தருமா? 1997-ல் மேல்முறையீட்டு நீதிபதிகள் ஐவரில் மூவர் தராது என்றார்கள், இருவர் மாற்றுக் கருத்து எழுதினார்கள். கடைசியில் ஐந்து வருடச் சிறை. நான் நீதிபதியாக இருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பேன் என்று இன்றுவரை முடிவுக்கு வர முடியவில்லை.

ஆனால் அந்த வழக்கில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அதே நாள், பிலிட்சா என்ற ஊரில் இன்னும் சுமார் 500 பேரைச் சுட வரச் சொன்னபோது எர்தமோவிச் மறுத்தார். கூட இருந்த சிலரும் மாட்டோம் என்றார்கள். அவர்களை யாரும் வரிசையில் நிறுத்திச் சுடவில்லை. தனியாளாக முடியாதது இரண்டு மூன்று பேர் சேர்ந்ததும் முடிந்தது.

அப்புறம், பழியும் எப்போதும் மேலே ஏறுவதில்லை. 1956 அக்டோபர் 29 அன்று இஸ்ரேலின் கஃப்ர் காசிம் என்ற அரபு கிராமத்தில் ஊரடங்கு நேரத்தைத் திடீரென்று மாலை 5 மணி ஆக்கினார்கள். வயலுக்குப் போனவர்களுக்கு அது தெரியாது. மீறினால் சுடு என்று உத்தரவு. வீடு திரும்பிய 40க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பக்கத்து ஊர்களில் இருந்த சில படைப்பிரிவுத் தலைவர்கள் அதே உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டே மக்களை வீட்டுக்குப் போகவிட்டார்கள். இப்படிப்பட்ட உத்தரவின் மேல் "கூடாது" என்ற கறுப்புக்கொடி பறக்கிறது என்று பிறகு நீதிமன்றம் சொன்னது. தண்டனை பெற்றவர்கள் சில வருடங்களில் வெளியே வந்துவிட்டார்கள். உத்தரவுச் சங்கிலியில் மேலே இருந்த படைத்தளபதிக்கு ஒரு சில்லறைக்காசு அபராதம், அவ்வளவே.

துரோகமா என்பதற்கு வருகிறேன். சத்தியம் யாருக்குச் செய்தோம் என்பதைப் பொறுத்தது அது. 1934-ல் ஜெர்மன் படையை ஹிட்லர் என்ற தனி மனிதர் பெயரில் சத்தியம் செய்ய வைத்தார்கள். அப்படி இருந்தால் மறுப்பது அந்த ஆளுக்குத் துரோகம்தான். நாட்டுக்கும் சட்டத்துக்கும் செய்த சத்தியம் என்றால், குற்றமான உத்தரவை நிறைவேற்றுகிறவன்தான் அதை மீறுகிறான்.

ஆனால் ஊர் அப்படிப் பார்க்காது. 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாயில் அமெரிக்கச் சிப்பாய்கள் கிராமத்தாரைக் கொன்றுகொண்டிருந்தபோது, ஹியூ தாம்சன் என்ற விமானி தன் ஹெலிகாப்டரை இரு தரப்புக்கும் நடுவில் இறக்கினார். இவர்கள் அந்த ஜனங்களைச் சுட்டால் நம்மவர்களையே சுடு என்று கூட இருந்த கோல்பர்னிடமும் ஆண்ட்ரியோட்டாவிடமும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இருவரும் மறுப்புச் சொல்லவில்லை. பிணங்கள் கிடந்த வாய்க்காலில் இறங்கி உயிரோடு இருந்த ஒரு குழந்தையை வெளியே தூக்கியவர் ஆண்ட்ரியோட்டா. மூன்று வாரம் கழித்து அவர் போரில் இறந்துபோனார். இந்த விவகாரத்தில் தண்டிக்க வேண்டியது தாம்சனை மட்டுமே என்று பேசிய அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரும் உண்டு. ராணுவம் முப்பது வருடம் கழித்து, 1998-ல், பதக்கம் தர முன்வந்தது, அதுவும் சத்தமில்லாமல். பொதுவிடத்தில் கொடுங்கள், என்னோடு இருந்த இருவருக்கும் சேர்த்துக் கொடுங்கள் என்று தாம்சன் பிடிவாதமாக இருந்து, அப்படியே வாங்கிக்கொண்டார்.