கும்பகோணத்திலிருந்து வயதான பெற்றோரோடு அந்தமான் செல்லுலார் சிறையைப் பார்க்க எப்படித் திட்டமிடுவது?

முதலில் சிறை திறந்திருக்கும் நாட்களைப் பாருங்கள். தேசிய விடுமுறை நாட்களில் சிறை அருங்காட்சியகம் மூடியிருக்கும். டிக்கெட் போட்ட பிறகு இது தெரிந்து தவிப்பவர்கள் நிறைய.

கப்பலில் மூன்று நாள் ஆகும், பெரியவர்களுக்கு வேண்டாம். இரவு ரயிலில் ஏறி, எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் போனால் எதிரே விமான நிலையம். போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இரண்டரை மணி நேரத்துக்குள் பறந்துவிடலாம். அங்கே ஐந்தரை வாக்கிலேயே இருட்டிவிடும், அதனால் காலையிலேயே சிறைக்குள் போய்விடுங்கள்.

1906இல் கட்டி முடித்தபோது சிறைக்கு ஏழு கிளைகள் (நீண்ட கட்டட வரிசைகள்), இன்று மூன்றுதான் மிச்சம். ஒரு கிளையின் முகப்பு அடுத்ததன் முதுகைத்தான் பார்க்கும். கைதிகள் ஒருவரையொருவர் பார்க்கவே கூடாதென்று அப்படிக் கட்டினார்கள். அறைக் கதவின் தாழ்ப்பாளை அவசியம் கவனியுங்கள். நீண்ட இரும்புக் கம்பி சுவருக்குள் குடைந்த குழிவரை போகும், பூட்டு அங்கேதான் இருக்கும். உள்ளிருந்து கதவுக் கம்பிகளுக்கு வெளியே கையை நீட்டினாலும் எட்டாது. அந்தக் குழியில் நீங்களே கை வைத்துப் பாருங்கள், எந்த விளக்கப் பலகையும் சொல்லாதது புரியும்.

முழங்கால் வலி உள்ளவர்கள் மாடி ஏற வேண்டியதில்லை. கைதிகளை எண்ணெய் ஆட்ட வைத்த செக்கும் தூக்குமேடையும் கீழேயே இருக்கின்றன. இங்கே கைதியாக இருந்த சாவர்க்கரின் அறை மட்டும் மேல்தளத்தின் கடைசியில். மாலை ஒலி-ஒளிக் காட்சிக்குத் தனி டிக்கெட், மொழியைக் கேட்டு வாங்குங்கள்.