கடல் நடுவே எண்ணெய் மேடை: வாசகர் கேள்விகள்

கேள்வி: எண்ணெய் நிறுவனங்களும் அவற்றைக் கண்காணிக்கும் அரசு ஆணையமும் சேர்ந்து பாதுகாப்புக் கூட்டங்கள் நடத்துவதாகப் படித்தேன். கண்காணிக்க வேண்டியவர்களே கைகோத்துக்கொண்டால் தொழிலாளியை யார் காப்பாற்றுவது?
— கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: உங்கள் சந்தேகத்துக்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். அன்று அமெரிக்காவில் கடல் எண்ணெய்க்குக் குத்தகை கொடுத்ததும், அரசின் பங்கை வசூலித்ததும், மேடைகளின் பாதுகாப்பைச் சோதித்ததும் ஒரே அலுவலகம். வருமானம் பெருக வேண்டும் என்று நினைப்பவரிடமே ‘வேலையை நிறுத்து’ என்று சொல்லும் பொறுப்பையும் ஒப்படைத்திருந்தார்கள். அதன் லூசியானா கிளை ஒன்றில் ஆய்வாளர்கள் எண்ணெய் நிறுவனங்களிடமிருந்து விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுகள் பெற்றிருந்ததும் அதே ஆண்டில் ஓர் அரசு அறிக்கையில் வெளிவந்தது. 2011 அக்டோபரில் பாதுகாப்புக்கென்றே தனிப் பணியகம் பிறந்தது. அதற்குள் 11 குடும்பங்கள் விலை கொடுத்துவிட்டன.

இருந்தும், இரு தரப்பும் பேசிக்கொள்ளவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அதே விபத்தையே பாருங்கள். கிணற்றின் அடியில் போட்ட சிமெண்ட் பிடித்திருக்கிறதா என்று அறிய, உள்ளே அழுத்தத்தைக் குறைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அழுத்தம் மறுபடி ஏறினால் அடைப்பு நிற்கவில்லை என்று பொருள். அன்று துரப்பணக் குழாயில் அழுத்தம் ஏறியது. அதற்கு வேறொரு விளக்கம் சொல்லி, சோதனை தேறிவிட்டதாக முடிவு செய்தார்கள். இந்தச் சோதனையைச் செய்தே தீர வேண்டும் என்றோ, இப்படித்தான் செய்ய வேண்டும் என்றோ அன்றைய அரசு விதிகளில் ஒரு வரி கூட இல்லை. ஆழ்கடலில் தொழில்நுட்பம் முன்னே ஓடியது; சட்டம் பின்தங்கியது. கிணற்றடியில் நிற்பவர்கள் தாங்கள் கண்டதைச் சொன்னால்தான் விதி எழுதுகிறவர் சரியாக எழுத முடியும்.

ஆகவே அறிவைப் பகிர்வதில் தாராளமாகச் சேரட்டும். அபராதம், தடை, உரிம ரத்து ஆகியவற்றை முடிவு செய்யும் அறைக்குள் மட்டும் நிறுவனத்துக்கு இடம் கூடாது.

கேள்வி: சில நாடுகளில் நிறுவனமே தன் பாதுகாப்புத் திட்டத்தை எழுதி ஆணையத்திடம் கொடுக்கிறதாமே! மாணவனே கேள்வித்தாள் தயாரிப்பது போல் இல்லையா?
— ஆசிரியர் ஒருவர்

பதில்: வினாத்தாள் ஆணையத்தின் கையில்தான் இருக்கிறது, நிறுவனம் எழுதுவது விடையை. பிரிட்டனில் பைப்பர் ஆல்பா என்ற எண்ணெய் மேடையில் நேர்ந்த விபத்தை விசாரித்த நீதிபதி கல்லன் பிரபு 1990இல் அளித்த 106 பரிந்துரைகளின் மையமே இந்த முறைதான். இந்த மேடையில் என்னென்ன தீங்கு நேரலாம், அதைத் தடுக்க என்ன வைத்திருக்கிறோம், தடுக்க முடியாவிட்டால் ஆட்கள் எப்படித் தப்புவார்கள் என்று நிறுவனம் நிரூபிக்க வேண்டும். ஆணையம் ஏற்காவிட்டால் மேடை இயங்க முடியாது. அதற்கு முன்பு ஆய்வாளர் பட்டியலை வைத்துக்கொண்டு சரி, சரி என்று குறித்துவிட்டுப் போகலாம். பைப்பர் ஆல்பாவில் விபத்துக்கு முந்தைய மாதம் கூட ஆய்வு நடந்திருந்தது. அது மேலோட்டமானது என்று கல்லன் கண்டித்தார். இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: எழுதியவருக்கு நிகரான அறிவு வாசிக்கும் அதிகாரிக்கும் வேண்டும். நல்ல பொறியாளரைத் தக்கவைக்கும் சம்பளத்தை ஆணையம் கொடுக்காவிட்டால், ஆவணம் அலமாரியில்தான் இருக்கும்.

கேள்வி: என் மகன் கடல் மேடையில் வேலை பார்க்கிறான். கோளாறு எதையாவது பார்த்தாலும் மேலிடத்தில் சொல்லப் பயமாக இருக்கிறது என்கிறான்.
— ஒரு தாய்

பதில்: அம்மா, நானும் மேடைகளில் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன். ஷிப்ட் முடிகிற நேரத்தில், எல்லோரும் களைத்திருக்கும்போது, ‘இந்தப் பெர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு) இன்னும் முடியவில்லை’ என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

1988 ஜூலை 6 அன்று பைப்பர் ஆல்பாவில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு மூடியைப் பொருத்தியிருந்தார்கள். அந்தச் செய்தி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றதும் இதை ஓடவிட்டார்கள். எரிபொருள் கசிந்து வெடித்தது. 167 பேர் மாண்டார்கள். மேடை எரிந்துகொண்டிருக்கும்போதே, குழாயால் அதனோடு இணைந்திருந்த பக்கத்து மேடைகள் உடனே உற்பத்தியை நிறுத்தவில்லை. நிறுத்தும் அதிகாரம் தமக்கு உண்டா என்ற தயக்கம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே ஆறாது.

நார்வேயில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். 1980இல் அலெக்சாண்டர் கீலாண்ட் மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்த நாடு அது. அங்கே ஆணையமும் நிறுவனங்களும் மட்டுமல்ல, தொழிற்சங்கங்களும் சேர்ந்தே பாதுகாப்பைப் பேசுகின்றன. உயிருக்கு உடனடி ஆபத்து என்று கருதினால் வேலையை நிறுத்தும் உரிமை தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பாதுகாப்புப் பிரதிநிதிக்குச் சட்டப்படி உண்டு. அமெரிக்காவில் மயிரிழையில் தப்பிய சம்பவங்களைத் தெரிவிக்க ஒரு ரகசிய ஏற்பாடு இருக்கிறது. அந்தத் தகவலைச் சேகரிப்பது தண்டிக்கும் அமைப்பு அல்ல. போக்குவரத்துப் புள்ளியியல் அலுவலகம். சொன்னவர் யார் என்பதைச் சட்டம் காக்கிறது. இரண்டு தரப்பு மட்டும் பேசும் கூட்டத்தை நான் ஏன் முழுமையாக நம்புவதில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

உங்கள் மகனிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: மேடையில் பாதுகாப்புப் பிரதிநிதி யார், பெயர் வெளிவராமல் புகார் தரும் வழி எது, ‘வேலையை நிறுத்து’ என்று சொல்லும் உரிமை அந்தப் பிரதிநிதிக்கு எழுத்தில் தரப்பட்டிருக்கிறதா? ஒன்றுக்காவது பதில் தெரியவில்லை என்றால் அடுத்த பாதுகாப்புக் கூட்டத்தில் அதையே முதல் கேள்வியாக எழுப்பச் சொல்லுங்கள். தனியாக வேண்டாம், உடன் வேலை செய்யும் இரண்டு மூன்று பேரோடு சேர்ந்து.