டயலை நம்பாதீர்கள்: பழைய வாட்ச் கேள்வி–பதில்

கேள்வி: தாத்தா மலாயாவிலிருந்து கொண்டுவந்த ஒமேகா, சாவி கொடுக்கும் வாட்ச். 1948ல் அவர் கல்யாணத்துக்கு வாங்கியது என்று வீட்டில் சொல்வார்கள். பின்மூடியைத் திறந்து கடைக்காரர் எடுத்துத் தந்த படத்தில் 133 என்று தொடங்கும் எட்டு இலக்க எண்ணும், 283 என்ற எண்ணும் தெரிகின்றன. டயலின் அடியில் ‘டி சுவிஸ் மேட் டி’ என்று இருக்கிறது. எந்த வருடத்து வாட்ச்? (வாசகி, காரைக்குடி)

பதில்: நீங்கள் கேட்டது ஒரு வருடம். ஆனால் பழைய வாட்ச் எதற்கும் மூன்று வயது உண்டு: மெஷினுக்கு ஒன்று, கேஸுக்கு (வெளிக்கூட்டுக்கு) ஒன்று, டயலுக்கு ஒன்று. மூன்றும் ஒத்துப்போனால்தான் அது செய்தபடியே இருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் மெஷின். ஒமேகா தன் மெஷின்களுக்கு வரிசையாக எண் போட்டது. 1 கோடியைத் தொட்டது 1944 வாக்கில். 1 கோடியே 10 லட்சம் 1947, 1 கோடியே 20 லட்சம் 1950, 1 கோடியே 30 லட்சம் 1952, 1 கோடியே 40 லட்சம் 1954. உங்களுடையது 1 கோடியே 33 லட்சத்துச் சொச்சம். ஆக 1952 அல்லது 1953. இந்தக் கணக்கில் ஒரு வருடம் முன்பின் இருக்கலாம். 283 என்பது மெஷினின் வகை எண், காலிபர். ஒமேகாவின் புகழ்பெற்ற 30 மில்லிமீட்டர் குடும்பத்தில், விநாடி முள் நடுவில் இருக்கும் வகை. அதுவும் ஐம்பதுகளின் முற்பாதியோடு பொருந்துகிறது.

கல்யாணக் கதைதான் இடிக்கிறது. எண் போட்ட பிறகு ஒரு வாட்ச் இரண்டு வருடம் கடை அலமாரியில் கிடக்கலாம். எண் போடுவதற்கு முன் விற்றிருக்க முடியாது. தாத்தா வாங்கியது 1948க்குச் சில வருடம் பிறகுதான். கல்யாண வாட்ச் வேறாக இருந்திருக்கலாம்.

அடுத்து டயல். எண்களுக்கும் முள்களுக்கும் பூசிய ஒளிப்பூச்சு டிரிட்டியம் என்பதற்கு அடையாளம் அந்த இரண்டு ‘டி’. இந்தக் குறி 1963 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1952 மெஷினின் மேல் அறுபதுகளின் டயல் உட்கார்ந்திருக்கிறது. சர்வீஸுக்குப் போனபோது கம்பெனி டயலே மாற்றப்பட்டதா, உள்ளூரில் பெயின்ட் அடித்ததா என்று 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். கம்பெனி டயலில் எழுத்துகளின் கால்கள் கூர்மையாக, ஒரே தடிமனில் நிற்கும். மறுபெயின்டில் மை விளிம்பில் கசிந்து எழுத்து கொழுத்திருக்கும்; நிமிடக் கோடுகள் மணிக்குச்சிகளின் நேர் நடுவில் வராமல் விலகிப் போகும். இரண்டில் எதுவானாலும் வாட்ச் உங்கள் தாத்தாவுடையதுதான். விற்பனை விலை மட்டும்தான் மாறும்.

கேஸை இன்னும் நீங்கள் பார்க்கவில்லை. பின்மூடியின் உட்புறத்தில் ஒரு எண் இருக்கும். ஐம்பதுகள் என்றால் நான்கு இலக்கம். அறுபதுகளில் புள்ளி வைத்த ஆறு இலக்கமாக மாறிவிட்டது. அப்படி இருந்தால் கேஸும் மாற்றியது. அங்கேயே ஊசியால் கீறிய பொடி எழுத்துகள் தென்பட்டால் அழிக்க விடாதீர்கள். அவை பெரும்பாலும் பழைய ரிப்பேர்க்காரர்கள் சர்வீஸ் செய்தபோது இட்ட குறிப்புகள்.

மறுபடி திறக்கும்போது ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள். திறந்த மெஷினில் ஒரு தூசு விழுந்தால் பாலன்ஸ் (முன்னும் பின்னும் ஆடும் சக்கரம்) நின்றுவிடலாம். பின்மூடி அழுத்தி மூடும் வகை என்றால் பிரஸ் கருவியில் வைத்துத்தான் மூட வேண்டும். கட்டை விரலால் அமுக்கினால் அக்ரிலிக் கண்ணாடிதான் முதலில் விரிசல் விடும்.

கேள்வி: மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த மஞ்சள் டயல் சீக்கோ கிரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் உள்ள வாட்ச்). பின்மூடியில் 6139-6005, கீழே 373218. விண்வெளிக்குப் போன வாட்ச் என்கிறார்கள், உண்மையா? ஆட்டினால் ஓடுகிறது, ஆனால் விநாடி முள் அசையவில்லை. (வாசகர், ராமநாதபுரம்)

பதில்: மாடல் உண்மை. 1973–74ல் ஸ்கைலாப் நிலையத்தில் தங்கிய அமெரிக்க விண்வெளி வீரர் வில்லியம் போக் கட்டியிருந்தது மஞ்சள் டயல் 6139தான். அதற்காக மஞ்சள் டயல் எல்லாம் அபூர்வமாகிவிடாது; சீக்கோ இதை ஏராளமாகச் செய்தது.

வருடம் கண்டுபிடிப்பது சுலபம். கீழ் எண்ணின் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 3, 7 என்றால் 1973 ஜூலை. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மட்டும் ஓ, என், டி என்று எழுத்தாக வரும். ஓவைப் பூஜ்ஜியம் என்று படித்துக் குழம்புபவர்கள் நிறைய. எந்தப் பத்தாண்டு என்பதை எண் சொல்லாது, மெஷின்தான் சொல்லும். 6139 வந்தது 1969ல், எழுபதுகளின் முடிவோடு நின்றுவிட்டது. அதனால் 3க்கு 1973 தவிர வேறு வழியில்லை. 9 என்று தொடங்கினால்தான் 1969ஆ 1979ஆ என்ற சிக்கல். அப்போது பின்மூடியைப் பாருங்கள்: ‘வாட்டர் ப்ரூஃப்’ என்றிருந்தால் முந்தையது, ‘ரெசிஸ்ட்’ என்றிருந்தால் பிந்தையது.

அந்த எண் பின்மூடியின் வயதுதான் என்பதை மறக்காதீர்கள், மூடி மாறியிருக்கலாம். டயலின் அடி விளிம்பில் 6 மணிக்கு இருபுறமும் மிகப் பொடியாக ஒரு எண் இருக்கும். அது 6139 என்று தொடங்க வேண்டும். கடைசி இலக்கங்கள் பின்மூடியோடு ஒத்துப்போகாவிட்டால் தவறில்லை. எண்ணே இல்லையென்றால் புதிதாக அடித்த டயல். அசல் மஞ்சள், வெளிச்சத்தில் திருப்பினால் பொன்னிறமாகக் கதிர்விட்டு மாறும். போலி எந்தப் பக்கம் திருப்பினாலும் எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரே மஞ்சளாக இருக்கும்.

முள் அசையாதது ரிப்பேர் இல்லை! இந்த மாடலில் தனி விநாடி முள் கிடையாது. நடுவில் இருக்கும் பெரிய முள் ஸ்டாப்வாட்சுக்கானது. மேல் பட்டனை அமுக்கினால் ஓடும். சாவியை, அதாவது பக்கவாட்டுக் குமிழை, திருகி முறுக்கப் பார்க்காதீர்கள். 6139ல் கையால் முறுக்கும் வசதி இல்லை. சாவியைப் பாதி அமுக்கினால் தேதி மாறும், முழுக்க அமுக்கினால் கிழமை மாறும். இரவு 9 மணியிலிருந்து 1 மணி வரை அதைச் செய்யக் கூடாது. அந்த நேரத்தில் மெஷினே தேதிச் சக்கரத்தைப் பிடித்திருக்கும். அமுக்கினால் பல் உடையலாம். கீழ் பட்டனை அமுக்கும்போது பெரிய முள் 12க்கு வராமல் ஒரு பக்கமாக நின்றால், பெரும்பாலும் முள் தண்டில் வழுக்கியிருக்கும். கழற்றிச் சரியாக மாட்டினால் போதும்.

கேள்வி: நாற்பதுகளின் ராணுவ வாட்ச். எண்களில் பழுப்புப் பூச்சு, இருட்டில் ஒளிர்வதில்லை. ரேடியம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கூடாது. செத்தது ஒளிரும் பொருளான துத்தநாக சல்ஃபைடு. கதிரியக்கமுள்ள ரேடியம் அப்படியே இருக்கிறது. அது பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். மூடிய வாட்ச் அலமாரியில் இருந்தால் பெரிய பயமில்லை. பூச்சு உதிர்ந்து தூளாகி மூக்குக்குள் போவதுதான் ஆபத்து. வீட்டில் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், தலைமாட்டில் வைத்துத் தூங்காதீர்கள். ரிப்பேருக்குக் கொடுக்கும்போது ரேடியம் டயல் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாங்குகிறவர்களுக்கு இதுவே ஒரு சோதனையும் ஆகும். டார்ச் அடித்து அணைத்த பிறகு நிமிடக்கணக்கில் பச்சையாக ஒளிர்ந்தால், பூச்சு தொண்ணூறுகளிலோ அதற்குப் பிறகோ பூசியது. முள்கள் பல வருடம் ஒரே இடத்தில் நின்ற வாட்சில் அவற்றின் நிழல் டயலில் பழுப்பாகப் பதிந்திருக்கும். ரேடியத்துக்கு அது நல்ல சாட்சி.

கேள்வி: டயலில் 17 ஜுவல்ஸ் (மெஷினில் உராய்வைக் குறைக்கும் கற்கள்), மெஷினில் 15 என்று இருக்கிறது. (வாசகர், திருச்சி)

பதில்: மெஷின் சொல்வதே சரி. டயலோ மெஷினோ, ஏதோ ஒன்று வேறு வாட்சிலிருந்து வந்திருக்கலாம்.

கேள்வி: ‘பயன்படுத்தாத 1970 எச்எம்டி பைலட்’, பளிச்சென்ற ஆரஞ்சு டயலில் விமானப் படத்தோடு ஆன்லைனில் வருகிறது. வாங்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: கட்டி மகிழ வாங்கலாம், சேகரிப்புக்கு வேண்டாம். எச்எம்டி 1961ல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. 2016ல் மூட முடிவானது. அதன் பிறகு மிச்சப் பாகங்களில் புது டயல் பொருத்தி விற்கும் வியாபாரம் நன்றாக நடக்கிறது. பைலட் என்றால் கறுப்பு டயலே வழக்கம். விமானம், கொடி, தலைவர் படம் எல்லாம் பெரும்பாலும் பிற்பாடு அச்சடித்தவை. பின்மூடி திறந்த படம் கேளுங்கள். ஸ்குரூக்களின் தலைவெட்டு சிதைந்திருந்தால் ‘பயன்படுத்தாத’ என்ற பேச்சுக்கே இடமில்லை. படம் தர மறுத்தால் பேரத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: விற்கும் முன் பாலிஷ் போடலாமா? (வாசகர், சேலம்)

பதில்: வேண்டாம். பாலிஷ் சக்கரம் முதலில் தின்பது கேஸின் கூர் விளிம்புகளையும் பின்மூடி எழுத்துகளையும்தான். பழைய பல்துலக்கியும் சோப்பு நீரும் போதும், அதுவும் கேஸைத் தனியாகக் கழற்றிய பிறகு.