வாசகர் கேள்விகள்: கடவுச்சொல், திரைப்படம், வாக்கு

கேள்வி: அலுவலகத்தில் 30 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்கிறார்கள். இதனால் உண்மையிலேயே பாதுகாப்பு கூடுகிறதா?

பதில்: கூடுவதில்லை, பெரும்பாலும் குறைகிறது. நான் முன்பு பணியாற்றிய அலுவலகம் ஒன்றிலும் இதே விதி இருந்தது. ஆறாவது மாதத்தில் என் கடவுச்சொல்லின் கடைசி எண் 6 ஆகியிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் தம்முடையதைத் துண்டுச் சீட்டில் எழுதி, கீபோர்டின் அடியில் ஒட்டி வைத்திருந்தார். எங்கள் இருவரையும் சோம்பேறிகள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் மனித நினைவாற்றலுக்கு ஒவ்வாத விதியை வகுத்தால், யாராக இருந்தாலும் அதற்கு ஒரு குறுக்கு வழியைத் தேடிக்கொள்ளத்தான் செய்வார்கள்.

இந்த வழக்கம் உலகெங்கும் பரவியதற்கு முக்கியக் காரணம், அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்டுக்காக பில் பர் 2003இல் எழுதிய வழிகாட்டி. அதில் சொன்னவற்றில் பலவற்றுக்காகத் தாம் வருந்துவதாக அவரே 2017இல் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டில் நிஸ்டும் தன் பரிந்துரையைத் திருத்தி, கடவுச்சொல் வெளியே கசிந்ததற்கு அடையாளம் இருந்தாலன்றி அதை மாற்றும்படி கட்டாயப்படுத்த வேண்டாம் என்றது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்த நீளமான கடவுச்சொல், ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாக, கூடவே இரண்டடுக்குச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு, கைபேசிக்கு வரும் குறியீடு போன்ற இன்னொன்றையும் கேட்பது): இவ்வளவு போதும். உங்கள் நிர்வாகத்திடம் தயங்காமல் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: திரைப்படங்களில் வரும் ஹேக்கர் காட்சிகளில் கொஞ்சமாவது உண்மை உண்டா?

பதில்: பச்சை எழுத்துகள் மழையாகப் பொழிய, பத்து நொடியில் வங்கியைத் திறந்துவிடுவது வெறும் கற்பனை. ஆனால் 1983இல் வெளிவந்த 'வார்கேம்ஸ்' படத்தை நான் விதிவிலக்காகவே கருதுகிறேன். அதில் வரும் மாணவன் பள்ளிக் கணினிக்குள் நுழைவது மேதாவித்தனத்தால் அல்ல. அலுவலக மேசையில் வரிசையாக எழுதி, பழையவற்றை அடித்துவிட்டு வைத்திருக்கும் கடவுச்சொற்களைப் பார்த்துவிடுவதால்தான். அடிக்கடி மாற்றுகிறார்கள், அதனாலேயே எழுதி வைக்கிறார்கள். முதல் கேள்வியைக் கேட்ட வாசகர் இந்தக் காட்சியை அவசியம் பார்க்க வேண்டும். அதே மாணவன் பிறகு ராணுவக் கணினிக்குள்ளும் நுழைந்துவிடுவான். அந்தப் படத்தைப் பார்த்த அமெரிக்க அதிபர் ரீகன், இப்படி நடக்க முடியுமா என்று முப்படைத் தளபதிகளின் தலைவரிடம் கேட்டார். நிலைமை அதைவிட மோசம் என்ற பதில் ஒரு வாரத்தில் வந்தது. 1984 செப்டம்பரில் அரசுக் கணினிகளின் பாதுகாப்புக்கென ஓர் ஆணையில் அவர் கையெழுத்திட்டார். ஒரு பொழுதுபோக்குப் படம் அரசின் கொள்கையை அசைத்தது என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

கேள்வி: உலாவியின் மறைநிலைத் தாவலில் (இன்காக்னிட்டோ) பார்ப்பதை யாராலும் அறிய முடியாதுதானே?

பதில்: முடியும். உங்கள் கருவியில் வரலாறு தங்காது, அவ்வளவுதான். இணைய இணைப்பு தருபவரும், நீங்கள் செல்லும் தளமும் உங்கள் வருகையை அறியலாம்.

கேள்வி: வாக்குப்பதிவை முழுக்க மின்னணு மயமாக்குவது நல்லதா?

பதில்: விரைவு என்ற ஒரே காரணத்துக்காக என்றால், என்னால் ஏற்க முடியாது. ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம், 2005 தேர்தலில் பயன்பட்ட வாக்குக் கணினிகள் பற்றிய வழக்கில் 2009இல் தீர்ப்பளித்தபோது, தேர்தலின் முக்கியக் கட்டங்களைத் தொழில்நுட்ப அறிவு ஏதுமில்லாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்று சொன்னது. முறைகேடு நடந்ததாக அது சொல்லவில்லை, அந்தத் தேர்தலை ரத்து செய்யவும் இல்லை. சரிபார்க்க வழியில்லை என்பதையே குறையாகக் கண்டது. இதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். தோற்ற வேட்பாளரின் தொண்டர் எண்ணும் மேசைக்கு எதிரே நின்று, ஒவ்வொரு சீட்டையும் தம் கண்ணால் பார்த்த பிறகு, மனம் கசந்தாலும் முடிவை ஒப்புக்கொள்கிறார். இயந்திரத்துக்குள் நடப்பதை எந்த வல்லுநர் விளக்கினாலும், அந்த ஒப்புதலை அவரிடமிருந்து பெற முடியாது. இயந்திரம் இருக்கட்டும், வாக்காளர் தம் கண்ணால் பார்த்துச் சரிபார்த்த காகிதமும் பெட்டிக்குள் இருக்க வேண்டும், ஐயம் எழும்போது அதை எடுத்து எண்ணவும் வேண்டும்.