சாவி உங்கள் பையில் இருக்கட்டும்

கேள்வி: உணவுத் தொழிற்சாலை ஒன்றில் மாவு பிசையும் இயந்திரத்தைக் கழுவும் வேலை செய்கிறேன். சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்திய பிறகு உள்ளே கைவிடுவது பாதுகாப்பானதுதானா?

பதில்: இல்லை, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பொத்தான் ஓட்டத்தை நிறுத்துமே தவிர, மின்சாரத்தை முழுமையாகத் துண்டித்துவிட்டதாக அதை நம்ப முடியாது; நீங்கள் உள்ளே இருப்பது தெரியாமல் மற்றொருவர் மீண்டும் ஓட்டிவிடலாம். விரல்களைப் பறிக்கும் விபத்துகளில் பல, கழுவும்போதும் அடைப்பு எடுக்கும்போதுமே நேர்கின்றன, ஏனெனில் காப்புத் தகடுகளைக் கழற்றுவது அப்போதுதான். ஆகவே முதன்மைச் சுவிட்சை அணைத்து, அதில் உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தேங்கியிருக்கும் காற்றழுத்தத்தை வெளியேற்றி, இயக்கப் பொத்தானை அழுத்திப் பார்த்தும் தண்டு அசையவில்லை என்று உறுதியான பிறகே கைவிட வேண்டும். இருவர் கழுவினால் இரண்டு பூட்டுகள் தேவை. இதற்கான நேரத்தையும் பூட்டையும் தருவது நிர்வாகத்தின் கடமை, தயங்காமல் கேளுங்கள்.

சுழலும் பகுதியின் அருகே கையுறை அணியாதீர்கள். நுனி சிக்கினால் கையையே இழுத்துவிடும்.

ஒருவேளை விரல் துண்டானால், காயத்தை அழுத்திக் கட்டுங்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்து உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். பனிக்கட்டி அந்த விரலின் மேல் நேரடியாகப் படக்கூடாது.